கார் இன்சூரன்ஸ் புதுப்பித்தாச்சு, பாலிசி வரவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

"பணம் கட்டிட்டேன், பாலிசி வரல" என்ற ஒரே புகாருக்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, பாலிசி போட்டாகிவிட்டது, ஆவணம் மட்டும் வழியில் எங்கோ நிற்கிறது. இன்னொன்று, பாலிசியே விழவில்லை. முதலாவது வெறும் தபால் பிரச்சினை. ஒரு வாரம் ஆனாலும் வண்டிக்கு நஷ்டமில்லை. இரண்டாவதில் பழைய பாலிசி முடிந்ததும் வண்டி இன்சூரன்ஸ் இல்லாமல் தெருவில் நிற்கும். அதற்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. எது உங்களுடையது என்று தெரியாமல் மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதில் பலனில்லை.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது பாலிசி நம்பர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பணம் கட்டியதும் வரும் குறுஞ்செய்தியில் நீளமாக ஒரு எண் இருக்கும். அதற்கு முன்னால் ப்ரொபோசல் (விண்ணப்ப) எண், டிரான்ஸாக்‌ஷன் எண், கோட் (பிரீமியம் மதிப்பீட்டு) எண், ரெஃபரன்ஸ் எண் என்று எது இருந்தாலும் அது பாலிசி நம்பர் அல்ல. விண்ணப்பம் வந்தது, பணம் வந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி.

அதனால் முதல் வேலை இது. நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ "பாலிசி டவுன்லோட்" பகுதிக்குப் போய், வண்டி எண்ணையும் மொபைல் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். புதிய ஆண்டுக்கான பாலிசி அங்கே இருந்தால் அப்போதே இறக்கிக்கொள்ளலாம், வேலை முடிந்தது. இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: பாலிசி நம்பர் என்ன? எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து கவர் ஆரம்பம்? உங்கள் பதிவில் என் மெயிலும் மொபைலும் என்னவென்று இருக்கிறது? "பேமென்ட் ரிசீவ்டுன்னு காட்டுது சார், ப்ராசஸ்ல இருக்கு, வந்துடும்" என்று பதில் வந்தால், பாலிசி இன்னும் விழவில்லை என்று அர்த்தம். எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் கீழே முதல் மூன்று அறிகுறிகள் உங்களுக்கானவை. சொல்லிவிட்டால் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

"பணம் போயிடுச்சு, ஸ்கிரீன்ல ஃபெயில்டுன்னு வந்துச்சு"

வங்கி, பணத்தை நடுவில் கடத்தும் பேமென்ட் கேட்வே, இன்சூரன்ஸ் நிறுவனம் என்று மூன்று கை மாறித்தான் பணம் போய்ச் சேர்கிறது. வங்கியில் கழிந்த தகவல் மூன்றாவது கைக்குப் போகாமல் நடுவில் அறுந்தால் இப்படி ஆகும். உங்கள் கணக்கில் பணம் இல்லை, அவர்கள் கணக்கிலும் இல்லை.

யூபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்க யூடிஆர் எண்ணை (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்) எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு, நெட் பேங்கிங் என்றால் வங்கி ஸ்டேட்மென்ட்டில் உள்ள ரெஃபரன்ஸ் எண். அதைக் கொடுத்துத் தேடச் சொன்னால்தான் நிறுவனத்தால் கண்டுபிடிக்க முடியும். "நேத்து மத்தியானம் கட்டினேன்" என்பது உதவாது. பணம் வந்து சேரவில்லை என்றால் அது தானாகத் திரும்பிவிட வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, யூபிஐ மூலமோ இணையத்தில் கார்டு மூலமோ வணிகருக்குக் கட்டிய பணம் இப்படிச் சிக்கினால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் கேட்காமலே.

மறுபடி கட்டலாமா? பழைய பாலிசி முடிய நாலைந்து நாள் இருந்தால் பொறுத்துப் பாருங்கள். இன்று இரவோடு முடிகிறதென்றால் யோசிக்காமல் மறுபடி கட்டிவிடுங்கள். வாகன இன்சூரன்ஸில் முடிந்த பிறகும் கவர் தொடரும் சலுகைக் காலம் எதுவும் கிடையாது, நள்ளிரவோடு சரி. இரண்டு பணமும் போய்ச் சேர்ந்து ஒரே வண்டிக்கு இரண்டு பாலிசி விழுந்துவிட்டால், ஒன்றைக் காட்டி மற்றதை ரத்து செய்யக் கேட்கலாம். கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் கவர் இல்லாத ஒரு இரவோடு ஒப்பிட்டால் மலிவு.

செக் கொடுத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவின்படி பிரீமியம் வராமல் நிறுவனம் ரிஸ்க் ஏற்கக் கூடாது. செக் திரும்பினால் கையில் உள்ள பாலிசியையும் ரத்து செய்துவிடுவார்கள். அதனால் செக் பாஸாகும்வரை பாலிசி கையில் இருந்தாலும் வேலை முடியவில்லை.

"பணம் வந்துடுச்சுன்னு சொல்றாங்க, பாலிசி நம்பர் மட்டும் தரமாட்டேங்கறாங்க"

இது பெரும்பாலும் கேஒய்சியில், அதாவது வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பில், நிற்கும். 2023 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீட்டிலும் கேஒய்சி கட்டாயம். பான் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்ததும், மத்திய கேஒய்சி பதிவேட்டில் உங்கள் 14 இலக்க எண்ணைத் தேடி எடுத்து, பெயரை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

நம் ஊர்ப் பெயர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) "எஸ் முருகன்". பானில் இனிஷியலை விரித்து "சுப்பிரமணியன் முருகன்". ஆதாரில் "முருகன் எஸ்". மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். கணினிக்கு மூன்று பேர். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயர் இனிஷியலை விட்டுவிட்டுக் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களின் வண்டியிலும் இதே கதை.

இதில் ஒரு விதியை நினைவில் வையுங்கள். கேஒய்சி பக்கத்தில் பானில் உள்ளபடி, எழுத்து மாறாமல் பெயரைப் போடுங்கள். பாலிசியில் உரிமையாளர் பெயர் ஆர்சியில் உள்ளபடி இருக்கட்டும். கேஒய்சி தேறட்டும் என்று பாலிசிப் பெயரையும் பானுக்கு ஏற்ப மாற்றிவிட்டால், இன்றைக்குப் பாலிசி வந்துவிடும். நாளைக்கு க்ளெய்ம் வரும்போது ஆர்சி வேறு, பாலிசி வேறு என்று நிற்கும். பான் வழி இரண்டு முறை தோற்றால் மூன்றாம் முறை அதையே முயல வேண்டாம். ஆதார் வழிக்கு மாறுங்கள், அல்லது பான் நகல், முகவரிச் சான்று, புகைப்படம் மூன்றையும் பதிவேற்றும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அதை ஆள் பார்த்து ஒப்புதல் தருவதால் ஓரிரு நாள் கூடலாம். கம்பெனி பெயரில் உள்ள வண்டிக்கு நிறுவனத்தின் பானும் அது பதிவான தேதியும் வேண்டும். முதலாளியின் பிறந்த தேதியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்த காரணம் தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டின் விவரம். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு மூன்றாண்டு தேர்ட் பார்ட்டி சேர்த்தே வருகிறது. அந்த மூன்றாண்டுக்குள் நீங்கள் புதுப்பிப்பது ஓன் டேமேஜ் (உங்கள் வண்டியின் சேதத்துக்கான) பகுதியை மட்டும். அப்போது நடப்பில் உள்ள தேர்ட் பார்ட்டி பாலிசியின் நிறுவனம், எண், முடியும் தேதி மூன்றும் சரியாக இருந்தால்தான் பாலிசி விழும். போன வருடம் நிறுவனம் மாறியவர்கள் போன வருடப் பாலிசி எண்ணை இங்கே போட்டுவிடுவார்கள். கேட்பது அதுவல்ல, கார் வாங்கும்போது ஷோரூமில் கொடுத்த முதல் பாலிசியின் எண்.

நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்கான தள்ளுபடி) விவரம் தப்பாக இருந்தாலும் சில சமயம் நிறுத்திவைப்பார்கள். போன வருடம் க்ளெய்ம் வாங்கியிருந்தும் போனஸ் கேட்டிருந்தால் வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்லி மெயில் வந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

"பழைய பாலிசி முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு, பணம் கட்டியும் வரல"

முடிந்துபோன பாலிசியை ஃபுல் கவராக (தேர்ட் பார்ட்டி, ஓன் டேமேஜ் இரண்டும் சேர்த்து) புதுப்பித்தால் நிறுவனம் வண்டியைப் பார்த்த பிறகே பாலிசி தரும். இப்போது பெரும்பாலும் ஆள் வருவதில்லை, போனுக்கு லிங்க் வருகிறது. நீங்களே வீடியோ எடுக்க வேண்டும். அந்த லிங்க்கைத் திறக்காமலே "இன்னும் வரல" என்று காத்திருப்பவர்கள் நிறைய. அனுப்பிவிட்டும் வரவில்லை என்றால் வீடியோ நிராகரிக்கப்பட்டிருக்கும், அந்தத் தகவல் உங்களுக்கு வந்திருக்காது.

நிராகரிக்கும் காரணங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: அடுக்குமாடி பேஸ்மென்ட்டில் அரை இருட்டில் எடுத்தது, கழுவிய ஈரத்தோடு எடுத்ததில் கீறல் தெரியாதது, நம்பர் பிளேட் ஒரு ஃபிரேமில்கூட முழுதாக விழாதது, நடுவில் வீடியோ துண்டானது. கேலரியில் இருக்கும் பழைய வீடியோவை ஏற்க மாட்டார்கள்.

காலை எட்டு மணிக்கு மேல், வெயில் நேராகக் கண்ணாடியில் அடிக்காத இடத்தில், காய்ந்த வண்டியை நான்கு பக்கமும் இரண்டடி இடம் இருக்குமாறு நிறுத்துங்கள். முன் நம்பர் பிளேட்டில் தொடங்கி, நிறுத்தாமல் ஒரு சுற்று மெதுவாக வாருங்கள். பம்பரின் நான்கு முனைகளிலும் இரண்டு நொடி நில்லுங்கள். முன் கண்ணாடியை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் காட்டுங்கள். சாவியைப் போட்டு இக்னிஷன் ஆன் செய்து ஓடோமீட்டர் எண்ணைக் காட்டுங்கள். கடைசியில் சேஸிஸ் எண். அது எங்கே பதிந்திருக்கிறது என்று காரின் கையேட்டில் பார்த்து, தூசியைத் துடைத்துவிட்டு அதன் பிறகு வீடியோவைத் தொடங்குவது நல்லது. படமெடுத்துக்கொண்டே தேடினால் பாதி வீடியோ தரையைத்தான் காட்டும். ஏற்கெனவே உள்ள நசுங்கலை மறைக்காதீர்கள். அது குறிப்பில் ஏறும், அந்த இடத்துக்கு மட்டும் க்ளெய்ம் கிடைக்காது, அவ்வளவுதான். மறைத்து மாட்டினால் மொத்த வீடியோவும் போகும்.

ஒப்புதல் கிடைத்த பிறகு பணம் கட்டச் சொல்லும் நிறுவனங்களில் அந்த ஒப்புதலுக்கு ஆயுள் குறைவு. அன்றைக்கே கட்டுங்கள், விட்டால் மறுபடி வீடியோ. இந்தத் தாமதத்தை இழுத்துக்கொண்டே போவதற்கு வேறொரு விலையும் உண்டு: பழைய பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் நோ க்ளெய்ம் போனஸ் முழுதும் போய்விடும். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீதம் பூஜ்ஜியத்துக்கு இறங்கி, அடுத்த வருடம் 20லிருந்து ஏற ஆரம்பிக்கும்.

"பாலிசி நம்பர் இருக்கு, மெயில் மட்டும் வரல"

பயப்பட ஒன்றுமில்லை. பாலிசி யாருடைய மெயிலுக்குப் போயிற்று என்பதுதான் கேள்வி. ஏஜென்ட் மூலம் போட்டவர்களுக்குப் பாதி சமயம் ஏஜென்ட் மெயிலுக்கே போயிருக்கும். அடுத்த வருடப் புதுப்பிப்பு நினைவூட்டல் தனக்கு வரட்டும் என்று அவர் தன் மெயிலையும் மொபைலையும் போட்டிருப்பார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரென்றால் பழைய உரிமையாளர் மெயிலுக்கு. மெயில், மொபைல் இரண்டையும் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் முறைப்படி செய்யும் திருத்தம்) கேட்டு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விபத்து நடந்த பிறகு சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) தகவலும் ஓடிபியும்கூட அவர்களுக்கே போகும்.

மெயில் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் ஸ்பேம், ப்ரமோஷன்ஸ் இரண்டையும் வண்டி எண்ணைக் கொண்டு தேடுங்கள். ஜிமெயிலின் 15 ஜிபி நிரம்பியிருந்தால் வந்த மெயில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். அலுவலக மெயில் கொடுத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பாஸ்வேர்டு போட்ட இணைப்புகளைப் பல அலுவலக சர்வர்கள் உள்ளேயே விடாது. சொந்த மெயிலை மாற்றிக் கொடுத்து மறுபடி அனுப்பச் சொல்வதே குறுக்குவழி. டிஜிலாக்கரிலும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துப் பாலிசி எண்ணைக் கொடுத்தால் ஆவணத்தை எடுத்துக்கொள்ள முடியும்.

பிடிஎஃப் வந்து, திறந்ததும் கையெழுத்து இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி இருக்கிறதா? பாலிசி போலி என்று அதற்கு அர்த்தமில்லை. கையெழுத்துச் சான்றிதழை உங்கள் கணினி இன்னும் நம்பகப் பட்டியலில் சேர்க்கவில்லை, அவ்வளவே.

"மெயில்ல பாலிசி வந்துடுச்சு, எம்பரிவாஹன்ல பழைய தேதியே காட்டுது"

நிறுவனம் போட்ட பாலிசி, ஹைதராபாத்தில் உள்ள இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பியூரோ வழியாக வாஹன் என்ற அரசின் வாகனத் தரவுத்தளத்துக்குப் போகிறது. எம்பரிவாஹன் செயலி அதைத்தான் காட்டுகிறது. சில நாள் பின்தங்குவது சகஜம். ஒரு வாரம் தாண்டியும் மாறவில்லையென்றால் காத்திருந்து பயனில்லை, ஒப்பிட ஆரம்பியுங்கள்.

ஆர்சியையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று வரிகளை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்: வண்டி எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண். வண்டி எண்ணில் கடைசி நான்கு இலக்கம்தான் வழக்கமான பிரச்சினை. கே.கே. நகர் அலுவலகத்தில் பதிந்த டிஎன் 09 வண்டி ஒன்றின் எண் 0045 என்று வைத்துக்கொள்வோம். பாலிசியில் வெறும் 45 என்று அடித்திருந்தால் அது வாஹனில் வேறு வண்டி, அல்லது இல்லாத வண்டி. புதுக் காரென்றால் முதல் பாலிசியில் எண்ணுக்குப் பதில் "புதிது" என்று போட்டிருப்பார்கள். அதையே இந்த வருடமும் நகல் எடுத்திருக்கலாம். சேஸிஸ் எண்ணின் 17 எழுத்துகளில் ஆங்கில ஓ, ஐ, க்யூ மூன்றும் வரவே வராது. பாலிசியில் ஓ தெரிந்தால் அது பூஜ்ஜியமாக இருந்திருக்க வேண்டும். ஆர்சி நகலோடு மெயில் அனுப்பி, திருத்த எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். வாஹனில் தகவல் மறுபடி ஏற்றச் சொல்லியும் அதே மெயிலில் எழுதுங்கள். எண்டார்ஸ்மென்ட் போட்டதோடு விட்டுவிடுவார்கள்.

ஓன் டேமேஜ் மட்டும் புதுப்பித்தவர்களுக்கு எம்பரிவாஹனில் மூன்றாண்டு தேர்ட் பார்ட்டியின் தேதியே தெரிந்துகொண்டிருந்தால் அது கோளாறே இல்லை.

இடையில் போலீஸ் நிறுத்தினால்? மத்திய மோட்டார் வாகன விதி 139ன்படி ஆவணத்தை மின்னணு வடிவில் காட்டலாம். எம்பரிவாஹனில் இன்சூரன்ஸ் நடப்பில் தெரிந்தால் காகிதம் கேட்க வேண்டாம் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2018லேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அங்கே பழைய தேதி காட்டும் நாட்களில் பிடிஎஃப்பைப் போனிலேயே இறக்கி வையுங்கள். மேம்பாலத்துக்கடியில் நெட் கிடைக்காமல் மெயில் திறக்காது.

"ஏஜென்ட் கிட்ட பணம் கொடுத்தேன், நாளைக்கு நாளைக்குன்னு சொல்றார்"

பணம் எந்தக் கணக்குக்குப் போயிற்று என்று பாருங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயருக்குப் போயிருந்தால் மேலே சொன்ன வழிகள் போதும். ஏஜென்ட்டின் சொந்த கூகுள் பே எண்ணுக்குப் போயிருந்தால், அவர் கட்டும்வரை நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் எதுவும் கட்டவில்லை. நல்லவராகவே இருக்கலாம், நாலு பேர் பணத்தைச் சேர்த்து மொத்தமாகக் கட்டலாம் என்று வைத்திருப்பார். அந்த நாலு நாளில் வண்டி இடித்தால் பொறுப்பு உங்கள் தலையில். நிறுவனம் கொடுத்த பிரீமியம் ரசீதை அன்றைக்கே கேளுங்கள்.

அவர் வாட்ஸப்பில் அனுப்பும் பிடிஎஃப்பை அப்படியே நம்ப வேண்டாம். இருசக்கர வாகனத்துக்கு மலிவாக ஒரு பாலிசி எடுத்து, அதில் கார் எண்ணையும் பெயரையும் மாற்றி அடித்துக் கொடுக்கும் மோசடி புழக்கத்தில் உள்ளது. கண்ணுக்கு அச்சு அசலாக இருக்கும். பாலிசி எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே அடித்துப் பார்த்தால் எந்த வண்டிக்கானது என்று வெளிவந்துவிடும்.

"அச்சிட்ட காகிதம் வரல"

பெரும்பாலும் நீங்கள் கேட்காமல் அனுப்ப மாட்டார்கள். கேட்டும் வரவில்லையென்றால் ஸ்பீட் போஸ்ட் எண்ணை வாங்கி இந்தியா போஸ்ட் தளத்தில் பாருங்கள்; வாடகை வீடு மாறியும் பழைய முகவரியே ஓடுவதுதான் வழக்கம். சட்டப்படி பிடிஎஃப் போதும்.

அதுவரை வண்டியை எடுக்கலாமா?

பாலிசி நம்பர் இருந்து, கவர் ஆரம்பிக்கும் நேரமும் கடந்துவிட்டால் எடுக்கலாம். முடிந்துபோய்ப் புதுப்பித்தவர்கள் அந்த நேரத்தைக் கட்டாயம் பாருங்கள்; பணம் கட்டியது காலையில் என்றாலும் கவர் அன்று நள்ளிரவுக்குப் பிறகே தொடங்குவதாக இருக்கலாம். நம்பரும் இல்லை, பழைய பாலிசியும் முடிந்துவிட்டது என்றால் சாவியைத் தொடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 196வது பிரிவில் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ இரண்டுமோ. மறுபடி மாட்டினால் அபராதம் 4,000. வண்டியை இன்னொருவரிடம் ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் இது பொருந்தும். அபராதம் சின்ன விஷயம். எதிரே வந்தவருக்கு அடிபட்டால் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டுக்கு வரம்பே கிடையாது, அது உங்கள் கையிலிருந்துதான் போகும்.

போனில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டால்

எழுத்துக்கு மாறுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில், இவ்வளவு போதும்:

"டிஎன் 09 எண்ணுள்ள என் காருக்கான புதுப்பிப்பு பிரீமியம் இத்தனை ரூபாயை இன்ன தேதியில் கட்டினேன். யூடிஆர் எண் இது, ப்ரொபோசல் எண் இது. இன்றுவரை பாலிசி எண் தரப்படவில்லை. பணம் பெற்ற தேதியிலிருந்து கவர் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். உண்டெனில் பாலிசியை அனுப்பவும், இல்லையெனில் காரணத்தையும் பணம் திரும்பும் தேதியையும் தெரிவிக்கவும்."

"உண்டா இல்லையா" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். "விரைவில் அனுப்புகிறோம்" என்று நழுவ முடியாத ஒரே கேள்வி அதுதான்.

14 நாளில் தீராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார் தளத்தில் பதியுங்கள், அல்லது 155255க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேலே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. பிரீமியம் வாங்கிக்கொண்டு பாலிசி தராததை அவர்களுடைய விதியிலேயே தனிப் புகார் வகையாகச் சேர்த்திருக்கிறார்கள். கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லை என்றால் அங்கே போகலாம். அந்த ஒரு மாதம் எண்ணப்படுவது நீங்கள் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து. அதற்கு முன்னால் எத்தனை முறை போன் செய்திருந்தாலும் அது கணக்கில் வராது.